படத்தில் இருப்பதுதான் கவரில் இருக்க வேண்டும்!

‘மஞ்சள்தூள், கடலை எண்ணெய், குழந்தைத் துணி இதையெல்லாம் நேர் மேலே இருந்து படம் எடுத்த மாதிரி ஏ.ஐ-யில் செய்வதற்கு எந்த ஆப் நல்லது?’

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் விவசாயிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஓர் ஆப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால், இந்தத் துறையில் இன்றைக்கு முதலில் நிற்பது நான்கு மாதம் கழித்துப் பின்னால் போய்விடுகிறது. அதனால், எந்த ஆப் வந்தாலும் அதை எப்படிச் சோதித்து எடுப்பது என்று சொன்னால்தான் உபயோகமாக இருக்கும். எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டி. இரண்டு ஏக்கர் தோட்டம். தென்னை, ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை, தண்ணீர் இருக்கும் வருடத்தில் கொஞ்சம் மஞ்சள், வேலியோரம் முருங்கை. எங்கள் பக்கம் தோட்டத்தை மட்டும் நம்பி இருக்கும் வீடுகள் குறைவு. வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்குப் போவார்கள். நான் 14 வருடம் போனேன். கைமடியாகச் சேர்ந்து, பிசிறு வெட்டி, செக்கிங் மேசைக்கு வந்தேன். பிறகு வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, ஓவர்லாக் ஒன்று, பேட்லாக் ஒன்று, சிங்கர் இரண்டு வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்தோம்.

2025 ஆகஸ்ட் 27-ம் தேதி முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டது. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் திருப்பூர். பெரிய கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது எங்களைப் போன்ற ஷெட்டுகளின் மிஷின்தான். அந்தத் தீபாவளி முடிந்ததும், ‘இனி கொஞ்சமாவது சொந்தமாகத் தைத்து நேரடியாக விற்போம்’ என்று முடிவெடுத்தோம். பிறந்த குழந்தைக்கான செட். ஜபலா, நாப்பி, தொப்பி, கையுறை, காலுறை. கூடவே தோட்டத்துப் பொருள்களும். மகள்தான் வாட்ஸ்அப் கேட்டலாக் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் படம் வேண்டும் என்றபோதுதான் இந்த ஏ.ஐ ஆராய்ச்சி ஆரம்பித்தது.

மேலிருந்து எடுக்கும் படம் எதற்கு?

பொருளைத் தரையிலோ மேசையிலோ பரப்பி வைத்து, நேர் மேலே இருந்து எடுக்கும் படத்தை ‘ஃப்ளாட் லே’ என்கிறார்கள். மாடல் தேவையில்லை. குழந்தைத் துணி செட்டில் இருக்கும் ஐந்து பொருளையும் ஒரே பார்வையில் காட்டலாம். மஞ்சள்தூள் பாக்கெட், பக்கத்தில் விரலி மஞ்சள், ஒரு கிண்ணத்தில் தூள் என்று வைக்கவும் இது தோதானது.

திருப்பூரில் இதற்கென்றே ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. பீஸ் கணக்கில் காசு வாங்குவார்கள். ஒரு டிசைனில் ஆயிரக்கணக்கில் தைப்பவர்களுக்கு அது பெரிய செலவு இல்லை. எங்களைப் போல டிசைனுக்கு 20 செட் தைப்பவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. ஏ.ஐ பக்கம் எல்லோரும் திரும்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மூன்று வகை... மூன்று சிற்பி!

கடையில் ‘ஏ.ஐ படம்’ என்று ஒரே பெயரில் சொல்கிறார்களே தவிர, உள்ளே மூன்று விதமான வேலை நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் ஊர் சுந்தரர் பாடிய திருமுருகநாதர் கோயிலுக்கும், கல் சிற்பத்துக்கும் பேர் போனது. அதனால் சிற்பியை வைத்தே சொல்கிறேன்.

முதல் வகை: எழுத்தில் சொன்னால் படம் வரைவது. ‘வெள்ளை ஜபலா, மரப்பலகை மேல், மேலிருந்து பார்வை’ என்று எழுதினால் புதிதாக ஒன்றை உண்டாக்கித் தரும். சிற்பியிடம் போய், ‘ஒரு பிள்ளையார் வேண்டும்’ என்று சொல்வது போன்றது. அவர் மனதில் இருக்கும் பிள்ளையாரைச் செதுக்குவார். உங்கள் வீட்டுப் பிள்ளையாரை அவர் பார்த்ததே இல்லை. மிட்ஜர்னி போன்றவை பேர் வாங்கியது இந்த வேலையில்தான்.

இரண்டாம் வகை: உங்கள் படத்தைக் கொடுத்து, ‘இதை இப்படி மாற்று’ என்று சொல்வது. வீட்டுப் பிள்ளையாரைக் கொண்டுபோய்க் காட்டி, ‘இதேபோல் இன்னொன்று’ என்று கேட்பதற்குச் சமம். ரொம்ப நெருக்கமாக வரும். ஆனாலும் அது வேறு கல். தும்பிக்கை நுனியில் ஒரு சுழி கூடியிருக்கலாம். சாட்ஜிபிடியில் 2025 மார்ச்சில் வந்த படவசதி, ஜெமினியில் 2025 ஆகஸ்டில் ‘நானோ பனானா’ என்ற பெயரில் வந்த வசதி ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. பொதுவாக இவை படம் முழுவதையும் திரும்ப வரைகின்றன என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாம் வகை: உங்கள் படத்திலிருந்து பொருளை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியை மட்டும் மாற்றுவது. அதே பிள்ளையார், பீடம் மட்டும் புதிது. நீங்கள் எடுத்த படத்தின் புள்ளிகள் அப்படியே இருக்கும். ஃபோட்டோரூம், கேன்வா, அடோபி எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் பின்னணி நீக்கும் வசதி இருக்கிறது. சிலவற்றில் இலவசம், சிலவற்றில் காசு கட்ட வேண்டும்.

பொருள் விற்கிறவருக்கு முதல் வகை கிட்டத்தட்ட வேண்டாம். மூன்றாம் வகைதான் முதல் தேர்வு. இரண்டாம் வகையைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

என் அத்தை மகன் பக்கத்து ஊரில் பவர் டேபிள் வைத்திருக்கிறார். அவர் எழுத்தில் சொல்லியே படம் உண்டாக்கி ஆன்லைனில் போட்டார். படத்தில் ஃப்ராக்கின் கீழே அழகான லேஸ் வந்திருந்தது. தைத்த பீஸில் லேஸ் கிடையாது. ஆர்டர் வேகமாக வந்தது. அதே வேகத்தில் ரிட்டனும் வந்தது. போக வர கூரியர் செலவு, கசங்கி வந்த துணியைத் திரும்ப அயனிங் செய்து கவர் போடுகிற கூலி, கடைசியில் ஒரு நட்சத்திர மதிப்பீடு. ‘ஏ.ஐ மேல தப்பில்லீங்க்கா. லேஸ் இருக்குதான்னு அது எங்கிட்டக் கேட்கலை. நானும் சொல்லலை’ என்றார்.

இதில் சட்டமும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிக) விதிகள், 2020-ன்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மையில் பொருள் இல்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆன்லைன் சந்தையில் விற்பவர் மறுக்க முடியாது. படமும் விளம்பரம்தான்.

செக்கிங் மேசைச் சோதனை

கம்பெனியில் லாட் முழுவதையும் பையர் பார்க்க மாட்டார். கணக்குப்படி சில பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் இத்தனைக்கு மேல் பழுது இருந்தால் லாட்டே நிற்கும். ஆப்பைத் தேர்ந்தெடுக்கவும் நான் அதே முறையைத்தான் பிடித்தேன்.

நான்கு பொருளை எடுத்துக்கொண்டேன். மூன்று டிச் பட்டன் வைத்த ஜபலா ஒன்று. கோடு போட்ட ரோம்பர் ஒன்று. சின்னப் பூ பிரிண்ட் போட்ட தொப்பி ஒன்று. லேபிள் ஒட்டிய மஞ்சள்தூள் பாக்கெட் ஒன்று. நான்கையும் செல்போனில் மேலிருந்து படம் எடுத்தேன். ஒவ்வோர் ஆப்பிலும் ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை கொடுத்தேன். ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் வேறு படம் தரும் என்பதால், ஒரு முறை சரியாக வந்ததை வைத்து முடிவு செய்ய முடியாது. ஓர் ஆப்புக்கு 12 படம். ஒவ்வொன்றையும் நிஜப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பார்க்க வேண்டியவை இவைதான்:

பட்டன் எத்தனை, எந்தப் பக்கம்? கோடு எத்தனை, சைடு தையலில் கோடு சேர்கிறதா? பிரிண்ட்டில் பூவின் இதழ் மாறியிருக்கிறதா? கழுத்தில் ரிப் இருக்கிறதா, அல்லது பைப்பிங் போல மாறிவிட்டதா? பேட்லாக் அடித்த இரட்டைத் தையல் தெரிகிறதா? லேபிளில் தமிழ் எழுத்து அப்படியே இருக்கிறதா? எடையும் விலையும் மாறாமல் இருக்கின்றனவா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் 14 இலக்கமும் சரியா? கடைசியாக, நிறம்.

முதல் நாள் மகள்தான் கண்டுபிடித்தாள். ‘அம்மா, எண்ணிப் பாருங்க. நம்ம ஜபலாவுக்கு மூணு பட்டன். இதுல நாலு இருக்குது’ என்றாள். படம் அவ்வளவு அழகாக இருந்தது. அழகாக இருக்கும் படத்தில்தான் பழுதைக் கண் தாண்டிப் போகிறது. அதனால்தான் எண்ணச் சொல்கிறேன்.

இரண்டாம் வகையில் கோடு போட்ட துணியும், தமிழ் லேபிளும்தான் அதிகம் பெயிலாகின. ‘மஞ்சள்தூள்’ என்ற எழுத்து ஒரு படத்தில் எந்த மொழியிலும் சேராத கோலமாக மாறியிருந்தது. பிளெயின் துணி ஓரளவு தேறியது. மூன்றாம் வகையில் பொருள் மாறவே இல்லை. அங்கே வேறு குறைகள் இருந்தன. கையுறையின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. நிழல் சரியாக விழாமல், துணி காற்றில் மிதப்பதுபோல் தெரிந்தது. ஆனால், இந்தக் குறைகளால் யாரும் பொருளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு மாலை நேரம் போதும். புது ஆப் வந்தால், அதே நான்கு படத்தை வைத்துத் திரும்பச் செய்யலாம். படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தோட்டத்துப் பொருளுக்கு நிறம்தான் உயிர்

துணியில் பட்டன் எப்படியோ, உணவுப் பொருளில் நிறம் அப்படி. ஏ.ஐ-க்கு எதையும் பளிச்சென்று ஆக்குவதில் ஆசை. முருங்கை இலைப் பொடியைப் பச்சைப் பெயின்ட் போலவும், செக்குக் கடலை எண்ணெயைத் தேன் போலவும் மாற்றிவிடும். எங்கள் மஞ்சள்தூளை ஓர் ஆப் ஆரஞ்சு கலந்த நிறத்தில் கொடுத்தது. எங்க வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, ‘மஞ்சத்தூளு இத்தனை பளபளன்னு இருந்தா நானே வாங்க மாட்டேன். சாயம் கலந்திருக்குதுன்னுதான் நெனைப்பாங்க’ என்றார். உண்மைதான். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கலப்பது நாடறிந்த கலப்படம். சுத்தமான பொருளை வைத்துக்கொண்டு, நாமே சந்தேகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷேடு பார்ப்பதற்கென்று தனி விளக்குப் பெட்டி உண்டு. வீட்டில் அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாள் போதும். பொருளுக்குப் பக்கத்தில் தாளை வைத்து எடுங்கள். முடிந்த படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால் நிறம் பெரும்பாலும் சரி. தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் நிறம் ஓடியிருக்கிறது. பிறகு தாளை வெட்டிவிடலாம்.

இன்னொரு விஷயத்தில் கவனம் வேண்டும். ‘இயற்கை விவசாயப் பொருள்’ என்று கட்டளையில் எழுதினால், சில நேரம் அதுவாகவே பச்சை இலை முத்திரை, ‘ஆர்கானிக்’ என்ற வட்டம் எல்லாம் வரைந்துவிடும். சான்று வாங்கியவர்கள் மட்டுமே ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போடலாம். துணிக்கு ‘காட்ஸ்’ சான்றும் அப்படித்தான். இல்லாத முத்திரை படத்தில் வந்தால், அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நல்ல படம் செல்போனில்தான் தொடங்குகிறது

ஏ.ஐ எதுவானாலும், நாம் கொடுக்கும் முதல் படம் சரியாக இருந்தால்தான் வேலை சுலபமாகும். நாங்கள் செய்வது இதுதான்.

வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம், காலை 10 மணிக்கு மேல். ஃப்ளாஷ் வேண்டாம், டியூப்லைட்டையும் அணைத்துவிடுவோம். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். தரையில் வெள்ளை சார்ட் அட்டை. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், இருட்டுப் பக்கமும் வெளிச்சமாகும். துணியை அயனிங் செய்து, பிசிறு வெட்டி, கையால் நீவிப் பரப்ப வேண்டும். சுருக்கத்தை ஏ.ஐ-யிடம் நீக்கச் சொன்னால், சுருக்கத்தோடு தையலையும் சேர்த்து நீக்கிவிடும்.

ஸ்டூல் மேல் ஏறி நின்று, செல்போனைத் தரைக்குச் சமமாகப் பிடிக்க வேண்டும். கேமராவில் கட்டம் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்து எடுத்தால் ஜபலாவின் கழுத்து பெரிதாகவும், கீழ்ப்பகுதி சிறிதாகவும் தெரியும். அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும். எடுப்பதற்கு முன் லென்ஸைப் பனியன் துணியால் துடையுங்கள். அதற்குத்தான் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

படம் எடுத்த பிறகு, எங்கள் முறை இது. ஏ.ஐ-யிடம் வெறும் பின்னணியை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல் வாங்கிக்கொள்கிறோம். ஒரு பழைய மரப்பலகை, ஒரு சாணம் மெழுகிய தரை, ஒரு கோரைப்பாய். மொத்தம் மூன்றே பின்னணி. அதன்மேல் வெட்டி எடுத்த பொருளை வைக்கிறோம். பின்னணியில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ, அதே பக்கம் பொருளிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டுவேலை என்று தெரிந்துவிடும். எல்லாப் பொருளுக்கும் அதே மூன்று பின்னணி என்பதால், கேட்டலாக் ஒரே கடை போலத் தெரிகிறது. கோரைப்பாயின் நெசவு பொய்யாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நாங்கள் பாய் விற்கவில்லை.

இரண்டாம் வகை ஆப்பைப் பயன்படுத்தும்போது, தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம். நாங்கள் எழுதுவது: ‘இந்தப் படத்தில் உள்ள பொருளின் வடிவம், நிறம், பட்டன், தையல், எழுத்து எதையும் மாற்றாதே. புதிதாக எதையும் சேர்க்காதே. பின்னணியை மட்டும் மரப்பலகையாக மாற்று. நேர் மேலிருந்து பார்வை. வெளிச்சம் இடப்பக்கம் இருந்து.’ இப்படிச் சொன்னால் பழுது குறைகிறது. ஆனால், முழுதாகப் போவதில்லை. எண்ணிப் பார்க்கும் வேலை நம்முடையதுதான்.

காசும், கூலியும்

இலவச ஆப்பில் ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று கட்டுப்பாடு இருக்கும். சிலவற்றில் படத்தின் மேல் அவர்கள் பெயர் வரும், சிலவற்றில் படம் சின்னதாகக் கிடைக்கும். 2025 நவம்பரில், மாதம் 399 ரூபாய் கட்டணமுள்ள சாட்ஜிபிடி கோ திட்டத்தை இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இதுபோன்ற சலுகையில் சேரும்போது, இலவசம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறோமா என்றும் பாருங்கள். மாதத்துக்குப் பத்துப் படம் தேவைப்படும் வீட்டுக்குப் பெரும்பாலும் இலவசமே போதும்.

எனக்கு மனதை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நான் செக்கிங்கில் இருந்த காலத்தில் கம்பெனிக்குப் படம் எடுக்க வந்த தம்பி ஒருவர், இப்போது வேலை குறைந்துவிட்டது என்கிறார். மிஷின் நின்றால் வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அன்றாடப் படங்களை நாங்களே செய்துகொண்டாலும், வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புது செட் வரும்போது அவரிடம்தான் கொடுக்கிறோம். துணியின் மென்மையை அவர் எடுக்கும் படத்தில்தான் பார்க்க முடிகிறது.

குழுவில் கேட்ட சில கேள்விகள்

பெரிய ஆன்லைன் சந்தையில் விற்க என்ன பின்னணி வைப்பது?

எதுவும் வேண்டாம். உதாரணத்துக்கு, அமேசானில் முதல் படம் முழு வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். பொருள் படத்தில் 85 சதவிகிதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பின்னணி நீக்கும் வசதி மட்டும் போதும். அலங்காரப் படத்தை இரண்டாவது, மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஏ.ஐ படம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டுமா?

நாங்கள் சொல்கிறோம். ‘பொருள் அசல் படம், பின்னணி ஏ.ஐ’ என்று ஒரு வரி போடுகிறோம். கூகுள் ஏ.ஐ-யில் செய்த படங்களில் கண்ணுக்குத் தெரியாத ‘சிந்த்ஐடி’ என்ற அடையாளம் இருக்கிறது. மறைத்தாலும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஜாப் ஒர்க்குக்கு வந்த டிசைனை வைத்துப் பழகிப் பார்க்கலாமா?

கூடாது. அது பையரின் டிசைன். கடைக்கு வரும் முன்பே வெளியே போனால், உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிக்குச் சிக்கல். உங்கள் சொந்தப் பீஸை வைத்துப் பழகுங்கள். அதேபோல், கார்ட்டூன் பொம்மை பிரிண்ட் எதையும் ஏ.ஐ-யில் வரைந்து துணியில் அடிக்காதீர்கள். அதற்கெல்லாம் உரிமையாளர் இருக்கிறார்.

எங்களிடம் பொருள் ஒன்றே ஒன்றுதான். கடலை எண்ணெய். எங்கே ஆரம்பிப்பது?

பாட்டிலை நிற்க வைத்து ஒன்று, படுக்க வைத்து மேலிருந்து ஒன்று, ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் பக்கத்தில் உங்கள் காட்டுக் கடலையுமாக ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் வெள்ளைத் தாளை மறக்காதீர்கள். மூன்றாவது படத்தில், காயோடு ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவ வேண்டாம். செம்மண்ணோ கரிசலோ, அது உங்கள் காட்டு மண். வாங்குபவர்கள் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.